ஓசிக் குரல் பிறந்த கதை

1877 டிசம்பர். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மென்லோ பார்க் என்ற சின்ன ஊர். அங்கிருந்த பட்டறையில் ஜோன் குரூசி என்ற கைவினைஞர், முதலாளி கீறிக் கொடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்துப் பித்தளை உருளை ஒன்றைக் கடைந்து முடித்தார். அதற்கு ஒரு கைபிடி, பக்கத்தில் ஓர் ஊசி, ஊசிக்குப் பின்னால் மெல்லிய தகடு. இது எதற்கு என்று அவர் கேட்டபோது, “பேசுவதற்கு” என்றாராம் முதலாளி. குரூசி நம்பவில்லை. முதலாளி தாமஸ் எடிசன் உருளையைச் சுற்றி ஈயத்தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டினார். கைபிடியைச் சுழற்றிக்கொண்டே குழந்தைப் பாட்டொன்றை உரக்கச் சொன்னார். ஊசியைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் சுழற்றினார். ஈயத்தாள் அதே பாட்டைத் திருப்பிச் சொன்னது. அறையில் இருந்தவர்களில் அதிகம் திடுக்கிட்டவர் எடிசன்தான்.

அடுத்த ஆண்டு அவர் ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். இந்தப் பொறியை வைத்து என்னென்ன செய்யலாம் என்று பத்துப் பயன்களை வரிசைப்படுத்தினார். முதலாவது, கடிதம் எழுதச் சொல்லுதல். இரண்டாவது இடத்திலேயே வந்தது பார்வையற்றோருக்கான பேசும் புத்தகம். பத்து அங்குலச் சதுரத் தகடு ஒன்றில் 40,000 சொற்கள் கொண்ட நூலையே அடக்கிவிடலாம் என்று கணக்கும் போட்டார். கணக்கில் பிழையில்லை, கையில் இருந்த பொருளில்தான் பிழை. ஈயத்தாளில் ஒரு நிமிடப் பேச்சுப் பிடிப்பதே பெரும்பாடு. நாலைந்து தடவை ஓடவிட்டால் கீறல் தேய்ந்து, குரல் கரகரத்து, பிறகு வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். எடிசனுக்கும் அலுத்துவிட்டது. மின்குமிழைத் தேடிப் போனவர் பேசும் பொறியைப் பத்து ஆண்டுகள் தூசி படிய விட்டுவிட்டார். நாவல் ஒன்று வாய் திறக்க ஒரு பெரும் போர் வரவேண்டியிருந்தது.

அதற்குள் மெழுகு உருளை வந்தது, அரக்குத் தட்டு வந்தது. பாட்டுக்கு அது போதும். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் தட்டின் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிடம் பிடிக்கும். பத்து மணி நேரம் வாசிக்க வேண்டிய நாவலுக்கு அறுபது, எழுபது தட்டு வேண்டும். கதாநாயகி வாசலில் நின்று கதவைத் தட்டுகிற கட்டத்தில் தட்டு முடிந்துவிடும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். இப்படிக் கதை கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

பொறுமையைத் தவிர வேறு வழியில்லாத ஒருவருக்கு இருந்தது. 1916இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் இயன் பிரேசர் என்ற பிரித்தானியப் படை அதிகாரியின் இரு கண்களையும் ஒரு குண்டு பறித்தது. அப்போது அவருக்கு வயது 18. இலண்டனில் கண்ணிழந்த படையினருக்காக நடந்த சென். டன்ஸ்டன்ஸ் இல்லத்துக்கு வந்தார். சில ஆண்டுகளிலேயே அதன் தலைவரும் ஆனார். பிரெயில் இருந்ததுதான். ஆனால் சிறு வயதில் விரலைப் பழக்கியவனுக்கும், துப்பாக்கி பிடித்துத் தடித்த விரலோடு இருபது வயதில் புள்ளிகளைத் தடவுகிறவனுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பலர் இடையில் கைவிட்டார்கள். தட்டைப் பெரிதாக்க முடியாவிட்டால் என்ன, மெதுவாகச் சுற்றவிட்டால் என்ன என்று பிரேசரும் அவருடைய ஆட்களும் யோசித்தார்கள். இசை மெதுவாகச் சுற்றினால் கெட்டுப்போகும். பேச்சு அவ்வளவாகக் கெடாது. 78 என்ற சுற்று 24க்கு இறங்கியது. ஒரு பக்கத்தில் இருபத்தைந்து நிமிடம் பேசலாம். பத்துத் தட்டுகளில் ஒரு நாவல்!

1935இல் பிரித்தானியாவின் முதல் பேசும் புத்தகங்கள் தபாலில் கிளம்பின. அவற்றில் ஒன்று அகதா கிறிஸ்ரியின் துப்பறியும் நாவல். இன்னொன்று ஜோசப் கொன்றாட் எழுதிய ‘டைஃபூன்’ என்ற கடற்புயல் கதை. கொன்றாட் என்ற பெயர் இந்தக் கதையில் மறுபடியும் வரும், எழுபது ஆண்டு கழித்து, யாரும் திட்டமிடாமல்.

அமெரிக்காவில் அதற்கு ஓராண்டு முன்பே, 1934இல், தட்டுகள் வந்துவிட்டன. எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் மனமிரங்கி அனுமதி கொடுத்தார்கள், ஆனால் ஒரு பூட்டைப் போட்டுத்தான். இந்தத் தட்டுகள் பார்வையற்றோருக்கு மட்டும். பார்வையுள்ளவருக்கு விற்கக்கூடாது, வானொலியில் ஒலிக்கக்கூடாது. இலவசக் குரல் பிறந்த அன்றே அதன் காலில் சங்கிலியும் விழுந்தது.

அதே 1934இல், அந்தப் பூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலைக்காக இலங்கைக்கு ஓர் இளைஞர் வந்து இறங்கினார். பெயர் பசில் ரைட். கையில் கமெரா. தேயிலையை உலகுக்கு விற்க ஆசைப்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசார சபை, ஊர் பார்க்கும் குறும்படங்கள் நாலு எடுத்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தது. ரைட் பௌத்த யாத்திரையை எடுத்தார், நடனத்தை எடுத்தார், தோட்டங்களை எடுத்தார், கொழும்புத் துறைமுகத்தை எடுத்தார். இலண்டனுக்குத் திரும்பி வெட்டி ஒட்டியபோது நாலு குறும்படங்களும் ஒன்றோடொன்று கலந்து ‘சோங் ஒஃப் சிலோன்’ என்ற ஒரே விவரணப்படமாகிவிட்டன. தேயிலை அதில் எங்கோ ஒரு மூலையில் நிற்கிறது. காசு கொடுத்த சபையின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம். படத்துக்குப் பேச்சு வேண்டியிருந்தது. விளம்பரக்காரரின் வசனம் ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் கைகொடுத்தது 250 வருடம் பழசான ஒரு புத்தகம்.

அந்தப் புத்தகத்தின் வேர் இருப்பது கிழக்கிலங்கையில். 1660இல், மட்டக்களப்புக்கு வடக்கே கொட்டியாரக் குடாவில், புயலில் பாய்மரம் முறிந்து ஒதுங்கிய ஆங்கிலக் கப்பல் ஒன்றின் ஆட்களைக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் தலைவரின் மகன் ரொபர்ட் நொக்ஸ் ஏறக்குறைய இருபது ஆண்டு கண்டிச் சீமையில் கிடந்தார். தப்பி ஓடி இலண்டன் சேர்ந்து, 1681இல் தன் கதையை அச்சிட்டார். அந்தக் கதையில் ஒரு சின்னச் சம்பவம் உண்டு. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், கிழவர் ஒருவரிடம் ஆங்கில பைபிள் ஒன்று இருப்பதாகத் தெரியவந்தது. ஆவலைக் காட்டிக்கொண்டால் விலை ஏறிவிடும். பையன் ஒருவனை அனுப்பி, பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். ஒரு புத்தகத்தின் விலை ஒரு தொப்பி. படிக்க ஏங்கியவர்களின் வரலாற்றில் இதைவிட மலிவான, இதைவிட விலைமதிப்பான பேரம் எனக்குத் தெரியாது.

நொக்ஸ் எழுதியதைப் படத்தில் வாசித்தவர் லயனல் வென்ட். கொழும்புப் பறங்கிச் சமூகத்தவர், பியானோக் கலைஞர், புகைப்படக்காரர். இலண்டனுக்குப் போய் ஒலிவாங்கியின் முன் நின்று, ஏற்ற இறக்கமின்றி, அவசரமின்றி வாசித்தார். மறு ஆண்டு பிரசல்ஸ் திரைப்பட விழாவில் படத்துக்கு முதற்பரிசு. அக்காலத்தில் இப்படிப்பட்ட படத்தைப் பார்க்க ஒரு கழகம் வேண்டும், ஒரு சுருள் வேண்டும், அதை ஓட்ட ஆள் வேண்டும். பசில் ரைட் சுற்றிவந்த தீவில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? விரல்விட்டு எண்ணலாம். ஊருக்குத் திரும்பிவர அந்தப் படத்துக்கு இன்னும் நெடுங்காலம் பிடித்தது.

இதற்கிடையில், பாக்கு நீரிணைக்கு அப்பால், குரல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு ஒன்று சூடேறிக்கொண்டிருந்தது. சுப்பிரமணிய பாரதி 1921இல் இறந்தார். அச்சு உரிமை குடும்பத்துக்குள் கைமாறியது. ஆனால் பாட்டை இசைத்தட்டில் பதியும் உரிமை தனியாகப் பிரிந்து, முப்பதுகளில் சூரஜ்மல் என்ற நகை வணிக நிறுவனத்தைச் சேர்ந்த ஜேஷிங்லால் மேத்தாவின் கைக்குப் போயிருந்தது. தேசம் முழுக்கப் பாடிய கவிஞனின் குரல் ஒரு நகைக்கடைப் பெட்டகத்தில்! அதை அங்கிருந்து விலைக்கு வாங்கினார் படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியார். 1947இல் வெளியான ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன. படம் ஓகோ என்று ஓடியது. மறு ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். மெய்யப்பர் சும்மா இருப்பாரா? உரிமை என்னுடையது என்று கோயம்புத்தூர் நீதிமன்றத்துக்குப் போனார்.

சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஊர் நியாயம் வேறு பக்கம் இருந்தது. நாரண துரைக்கண்ணன் போன்ற எழுத்தாளர்கள் தெருவில் இறங்கினார்கள். பாரதியை விடுதலை செய் என்று கூட்டம், தீர்மானம், தூது. பாரதியின் மனைவி செல்லம்மாவிடம் போய் ஒப்புதல் வாங்கினார்கள். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் சென்னை அரசு பாரதியின் உரிமையைத் தானே எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. வழக்குப் போட்ட மெய்யப்பரோ தன்னிடமிருந்த ஒலி உரிமையை ஒரு காசும் கேட்காமல் அரசிடம் கொடுத்துவிட்டார். ஐம்பதுகளின் நடுவில் அரசு அதைப் பொதுமக்களுக்கே விட்டுக்கொடுத்தது. பிறகு இதே வழியில் பாரதிதாசன், அண்ணா, 1999இல் கல்கி என்று வரிசை நீண்டது. கல்கியின் பெயர் அந்த வரிசையில் ஏறியபோது, அதனால் அவருடைய ‘பொன்னியின் செல்வன்’ நாவலுக்கு என்ன நேரப்போகிறது என்று ஒருவரும் ஊகித்திருக்க முடியாது.

மட்டக்களப்பில் இந்த உரிமைச் சண்டை ஒன்றும் கிடையாது. அங்கே புத்தகமே காதால்தான் படிக்கப்பட்டது. வைகாசி மாதத்தில் கண்ணகி கோயில்களில் கதவு திறந்து, நிறைவுச் சடங்கான குளிர்த்தி பாடி முடியும் வரை ‘கண்ணகி வழக்குரை’க் காவியம் ஓதுவார்கள். ஒருவர் ஏட்டைப் பார்த்துப் பாட, ஊர் உட்கார்ந்து கேட்கும். எழுத்துத் தெரியாத கிழவிகளுக்கும் எந்த இடத்தில் கண் கலங்க வேண்டும் என்று தெரியும். ஆனால் ஏடு கோயிலுக்குக் கோயில் வேறு, பாடமும் வேறு. பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே மண்டூரில் பிறந்த பண்டிதர் வி. சீ. கந்தையா, 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதியவர், அந்த ஏடுகளைத் தேடிப் பிடித்து ஒப்புநோக்கி, 1968இல் ‘கண்ணகி வழக்குரை’யை அச்சில் கொண்டுவந்தார். ஏடு தப்பியது. ஆனால் அச்சுப் புத்தகத்துக்கும் ஒரு விதி உண்டு. சில நூறு பிரதி, சில வருடம், பிறகு யாரோ ஒருவருடைய அலுமாரியின் மேல்தட்டு. அலுமாரி இல்லாத நூலகம் ஒன்றைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை. மூன்றே ஆண்டில் ஒருவர் நினைத்தார், அதுவும் மளிகைக் கடைக்குப் போன இடத்தில்.

1971 யூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். இலினோய் பல்கலைக்கழக மாணவர் மைக்கல் ஹார்ட் வாணவேடிக்கை பார்த்துவிட்டு, வழியில் கடையில் சாப்பாட்டுச் சாமான் வாங்கினார். விழா நாள் என்பதால் கடைக்காரர் பையில் ஒரு தாளையும் போட்டுக் கொடுத்தார். பழைய தோல் சுருள் போலத் தோன்றும்படி அச்சடித்த சுதந்திரப் பிரகடனம். ஹார்ட்டுக்கு அன்றிரவு பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் கணக்கு ஒன்று கிடைத்திருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. பையைத் திறந்தார், தாள் விழுந்தது. உட்கார்ந்து முழுவதையும் தட்டெழுதினார். பெரிய எழுத்தில் மட்டுமே எழுத முடிந்த காலம் அது.

எழுதியதை வலையில் இருந்த எல்லோருக்கும் அனுப்ப நினைத்தார். கூட இருந்தவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தார்கள். அப்படி அனுப்பினால் வலையே படுத்துவிடும்! வேறு வழியில்லாமல், ‘இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு குறிப்பை மட்டும் விட்டார். எடுத்தவர்கள் ஆறு பேர் அளவில். கொண்டுபோய்க் கொடுக்க முடியாததால் வைத்துவிட்டுக் காத்திருந்த அந்த வழிதான் ‘குட்டன்பேர்க் திட்டம்’ ஆனது. இன்றும் இலவச நூல்கள் அப்படித்தான் வைக்கப்படுகின்றன. இருபது வருடம் ஹார்ட் ஏறக்குறையத் தனி ஆளாகவே தட்டிக்கொண்டிருந்தார். அவர் தட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் யாழ்ப்பாணத்தில் நெருப்பு வந்தது.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள், அவற்றோடு ஏடுகளும். வேறெங்கும் பிரதி இல்லாத பல அதில் போயின. அதற்குப் பிறகு ஈழத்தமிழர் கையில் ஒரு பழைய புத்தகம் அகப்பட்டால், அதைப் படிப்பதற்கு முன் இதற்கு இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழுந்தது. விடையைத் தேட வசதியான கருவி வர இன்னும் பதினேழு வருடம்.

1998 தைப்பொங்கல். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் ஒளிவேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், உலகெங்கும் இருந்த தமிழ்த் தன்னார்வலரைக் கூட்டி ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார். ஆளுக்கு ஒரு நூல், மாலை நேரத்தில் தட்டெழுத்து, இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பு. முதல் நூல் திருக்குறள். சிக்கல் எழுத்துருவில் வந்தது. ஒரு கணினியில் குறளாகத் தெரிந்தது அடுத்த கணினியில் கேள்விக்குறியும் கொம்புமாகச் சிதறியது. எழுத்துரு செய்தவர்களுக்குள் பலத்த வாதம். திஸ்கி என்ற பொதுக் குறியீடு வந்தது, பிறகு யூனிகோட் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய கோப்புகளை மறுபடி மாற்றினார்கள். அந்தச் சலிப்பூட்டும் வேலை முடிந்த நேரத்தில் காலம் ஒரு வேகம் எடுத்தது. எல்லாம் ஒரே வருடத்தில் நடந்தது.

அந்த வருடம் பிறப்பதற்கு ஆறு நாள் முன்பு, 2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி கிழக்குக் கரையில் ஏறியது. வீடுகளோடு பாடசாலைப் புத்தகம், கோயில் ஏடு, கல்யாண அல்பம் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. பொருளாக இருக்கும் நினைவு எவ்வளவு லேசானது என்பதற்குக் கரையோரத்தார்க்கு வேறு சான்று தேவைப்படவில்லை. மூன்று வாரம் கூட ஆகவில்லை. 2005 தைப்பொங்கலன்று தி. கோபிநாத், மு. மயூரன் என்ற இளைஞர்கள் ‘நூலகம்’ என்ற இணையத்தளத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இலண்டனிலிருந்து இ. பத்மநாப ஐயர் கைகொடுத்தார்.

தொடக்கத்தில் மதுரைத் திட்டம் போலவே தட்டெழுத்துத்தான். அது நத்தை வேகம். பிறகு பக்கத்தைப் படமாகவே பிடிப்பது என்று வழியை மாற்றினார்கள். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் பாடு விளங்கும். ஐம்பதுகளில் அச்சான நூல் ஒன்றை எடுத்தால் முதலில் துருப்பிடித்த கம்பி கையில் குத்தும். கம்பியைச் சுற்றித் தாள் பழுப்பாகி ஓட்டை விழுந்திருக்கும். பக்கத்தை மடித்தால் அப்பளம்போல் உடையும். ஒவ்வொரு தாளாக விரித்து, கண்ணாடியின் கீழ் வைத்து, எடுத்து, மறுபக்கம் வைத்து, பிறகு எழுத்தாளரிடமோ உரித்தாளரிடமோ அனுமதி கேட்டு… இப்படி ஒரு லட்சம் ஆவணத்துக்கு மேல் சேர்ந்துவிட்டன. எழுத்தோடு நிற்காமல், வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளையும் புகைப்படங்களையும் ‘ஆவணகம்’ என்ற கிளையில் சேர்க்கத் தொடங்கினார்கள். ஆனால் அந்த 2005க்கு இன்னும் சரக்கு மிச்சமிருந்தது.

ஏப்ரல் 23ஆம் தேதி, கலிபோர்னியாவின் ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் யானைக் கூட்டுக்கு முன் நின்று ஓர் இளைஞர் 19 விநாடி பேசிய படம் யூடியூப் என்ற புதுத் தளத்தில் ஏறியது. யானைக்குத் தும்பிக்கை நீளம் என்பதுதான் விசயத்தின் சாரம். ஓகஸ்ட் மாதம், கனடாவின் மொன்றியல் நகரில் ஹியூ மக்குவைர் என்பவர் கேட்பதற்கு இலவச நூல் தேடி வலையில் அலைந்தார். குட்டன்பேர்க் திட்டத்தில் ஆயிரக்கணக்கில் எழுத்து இருந்தது. ஒலியாகக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை இயந்திரம் வாசித்தவை. கேட்கச் சகிக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, சட்டப் பேராசிரியர் லோறன்ஸ் லெசிக்கின் நூல் ஒன்றை அத்தியாயத்துக்கு ஒருவராகப் பலர் வாசித்து வலையில் ஏற்றியிருந்தார்கள். அதே முறையை ஏன் பழைய நாவலுக்குச் செய்யக்கூடாது? நண்பர்களுக்கு எழுதினார். ஆளுக்கொரு அத்தியாயம் என்று தொடங்கிவிட்டார்கள். உரிமைக் காலம் முடிந்த நாவல் ஒன்று வேண்டும். தெரிவு செய்யப்பட்டது ‘த சீக்ரட் ஏஜன்ட்’. எழுதியவர்?

ஜோசப் கொன்றாட். 1935இல் தட்டில் பேசிய அதே கொன்றாட்! போலந்துக்காரர், இருபது வயதுக்கு மேல்தான் ஆங்கிலம் பழகியவர், கடைசிவரை உச்சரிப்பில் தாய்மொழியின் வாடை போகாதவர். அவர் நூலைத்தான் பலநாட்டு உச்சரிப்போடு தன்னார்வலர்கள் வாசித்தார்கள். ‘லிப்ரிவொக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். தேர்வு கிடையாது, நேர்முகம் கிடையாது, எந்த நாட்டு உச்சரிப்பும் சரி. பதிவான குரலுக்கும் உரிமை கோருவதில்லை. 1934இல் போட்ட பூட்டு அப்படித்தான் கழன்றது. பூட்டை யாரும் உடைக்கவில்லை. எழுதியவர் இறந்து காலம் கடந்த நூல்களின் பக்கமாகச் சுற்றி வந்தார்கள், அவ்வளவுதான்.

வாசல் திறந்தும் வாசற்படி இடித்தது. 2006இல் யூடியூப் ஒரு படம் பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்தது. எடிசனின் ஒரு நிமிடத் தாள், அரக்குத் தட்டின் நாலரை நிமிடம், இப்போது இது. ஒரு மணி நேர விவரணப்படத்தை ஆறு துண்டாக வெட்டி ஏற்றினார்கள். நாலாம் துண்டைக் காணாமல் ஐந்தாம் துண்டுக்குத் தாவியவர்கள் ஏராளம். 2010 யூலையில் பத்து பதினைந்தானது. அந்த ஆண்டு டிசம்பரில் விதி தளர்ந்தது. இணைப்பு வேகமும் ஏறியது, போனும் மலிந்தது. ‘பொன்னியின் செல்வ’னை முழுசாக வாசித்து ஏற்றினார் ஒருவர், பிறகு இன்னொருவர், பிறகு இன்னும் பலர். அதன் நாயகன் வந்தியத்தேவனுக்கு இன்று எத்தனை குரல் என்று கணக்கில்லை. கல்கியின் உரிமையை அரசு வாங்கிவிட்டிருந்ததால் யாரும் யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கத் தேவையிருக்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பெருந்தெருவில், கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவில் மணற்பாங்கான ஊர் களுதாவளை. பிள்ளையார் கோயிலுக்கும் வெற்றிலைக்கும் பேர்போனது. வெற்றிலைத் தோட்டத்து வேலை கைக்கும் கண்ணுக்கும்தான், காதுக்கு அங்கே வேலை இல்லை. கொடியை நடுகம்புக்கு அணைத்துக் கட்ட வேண்டும், இலையை நகத்தால் கிள்ள வேண்டும், அளவு பார்த்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சட்டைப் பையில் போனும் ஒரு காதில் இயர்போனும் போதும். ஒரு காதில்தான், மற்றக் காது கூப்பிடுகிறவர்களுக்கு. ஈயத்தாள், கண்ணிழந்த படையதிகாரி, நகைக்கடைப் பெட்டகம், மளிகைக் கடைத் தாள், எரிந்த நூலகம் எல்லாம் சேர்ந்து பெற்ற பிள்ளை அந்தக் காதுக்குள் பேசிக்கொண்டிருக்கும் இலவச ஒலிநூல்தான். கேட்கிறவருக்கு அது வெறும் ‘கதை போட்டிருக்கிறது’. அந்தியில் அதே போனில் ‘சோங் ஒஃப் சிலோன்’ என்று தேடினால் லயனல் வென்ட்டின் குரலும் காசில்லாமல் வந்து நிற்கும். கொட்டியாரத்தில் பிடிபட்டவரின் கதை, தொண்ணூறு வருடம் சுற்றியடித்து, கிழக்குக்கே திரும்பியிருக்கிறது.

தேடலில் சில நுணுக்கம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வெறுமனே நாவலின் பெயரைத் தட்டினால் கதைச்சுருக்கமும் விளம்பரமும் முன்னே வந்து நிற்கும். எழுதியவர் பெயரோடு ‘ஒலிநூல்’ என்றும் ‘முழு’ என்றும் சேர்த்தால் பலன் கூடும். உரிமை கேளாமல் ஏற்றியவை திடீரென்று ஒரு நாள் மறைந்துவிடும், அதுவும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நிற்கும்போது. காலம் முடிந்த நூல்களுக்கு அந்த ஆபத்து இல்லை. அப்படி உரிமைக் காலம் முடிந்தவற்றில் இந்தக் கரைக்கு மிக நெருக்கமானவை காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் எழுதியவை. அவர் மறைந்தது 1947 யூலை 19. இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் 70 ஆண்டு. ஆகவே தமிழ்நாட்டில் அவருடைய எழுத்து 2008 பிறந்ததும் பொதுச்சொத்தாகிவிட்டது. அவருடைய சொந்த மண்ணிலும் இன்று அப்படித்தான். இப்போது போன் வைத்திருக்கும் எவரும் அவருடைய கட்டுரைகளை வாசித்துப் பதிந்து ஏற்றலாம். அவருடைய இசையாராய்ச்சியான ‘யாழ் நூல்’ கொஞ்சம் வம்பு பிடித்தது. சுரங்களின் அளவுக்கு அடிகள் போட்டிருக்கும் பின்னக் கணக்குகளும் அட்டவணைகளும் வருகிற இடத்தில், வாசிக்கிறவர் ஒன்றில் மூச்சை நன்றாக இழுத்துவிட வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு யாழை வைத்துக்கொள்ள வேண்டும்.